சுவரும் தாளும்

மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய ஓவியங்களைப் பற்றி நம்மிடையே வழங்கும் பேச்செல்லாம் பெரும்பாலும் முடிந்த படங்களைப் பற்றியதே. மோனாலிஸாவின் புன்முறுவலை வியக்கிறோம். சிஸ்டைன் தேவாலயத்தின் விதானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். அவ்வோவியங்கள் பலகையையோ சுவரையோ சென்றடையுமுன் எத்தனை தாள்களில் பிறந்து, சிதைந்து, உருமாறி வளர்ந்தன என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அந்தத் தாள்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். எனக்கு ஓவியப் பயிற்சி கிடையாது. பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்தவன். ஆயினும் இப்பொருள் என் தொழிலை நேரே தொடுகிறது.

முதலிற் சுவரைக் காண்போம். அக்காலத்துப் பெரிய சுவரோவியங்கள் பல, காயாத சுண்ணச் சாந்தின்மீது தீட்டப்பட்டவை. இம்முறையை இத்தாலியர் 'பிரெஸ்கோ' என்பர். நீரிற் குழைத்த வண்ணத்தை ஈரச் சாந்தில் இட்டால், சாந்து உலரும்போது அதிலுள்ள சுண்ணம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடிக் கல்லைப்போல் இறுகுகிறது. வண்ணமும் அதற்குள்ளேயே சிறைப்பட்டுவிடுகிறது. ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அப்படங்கள் நிலைத்திருப்பதன் இரகசியம் இதுவே. ஆனால் அந்த ஈரம் சில மணி நேரந்தான் நிற்கும். ஆகவே அன்றன்று தீட்டக்கூடிய அளவுக்கே சாந்து பூசுவார்கள். அத்துண்டுக்கு 'ஜோர்னாட்டா', அதாவது ஒரு நாள் வேலை என்று பெயர். மாலைக்குள் முகம் சரியாக அமையாவிட்டால், சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். உலர்ந்தபின் மேலே திருத்தலாம் என்றாலோ, அத்திருத்தம் நாளடைவில் உதிர்ந்துவிடும்.

பிழை செய்ய இடந்தராத சுவர் அது. எனவே பிழைகளையெல்லாம் வேறோரிடத்தில் செய்து தீர்த்துவிட்டு அதன்முன் வந்து நிற்க வேண்டியிருந்தது.

பழைய தலைமுறையினர் அடிச்சாந்தின் மேலேயே செம்மண் நிறத்தால் உருவங்களை வரைந்துகொண்டனர். 'சினோப்பியா' எனப்படும் இக்கோடுகள், மேற்சாந்து பூசியதும் மறைந்துவிடும். 1944 ஜூலையில், போரின்போது பீசா நகரத்தின் காம்போசாந்தோ என்னும் இடுகாட்டு மண்டபத்தில் குண்டு விழுந்து தீப்பற்றியது. சேதமுற்ற ஓவியங்களைக் காக்கும்பொருட்டுச் சுவரினின்று உரித்தெடுத்தபோது, நூற்றாண்டுகளாக எவரும் கண்டிராத செந்நிறக் கோடுகள் வெளிப்பட்டன. இன்று அவற்றிற்கெனவே பீசாவில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

காகிதம் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியபின் வேலை தாளுக்கு மாறிற்று. பல தாள்களை ஒட்டி, சுவரில் வரவேண்டிய அளவிலேயே படத்தை வரைந்துகொள்வார்கள். கோடுகளின் வழியே ஊசியாற் துளையிட்டு, தாளை ஈரச் சாந்தின்மேல் பொருத்தி, கரித்தூள் முடிந்த துணியினால் தட்டுவார்கள். அச்சுக்கோலம் இடுவதைப் போலவே, துளைகளின் வழியே இறங்கிய புள்ளிகள் சுவரிற் படிந்துவிடும். இப்பெருந்தாளுக்குக் 'கார்ட்டோனே' என்று பெயர். ஆங்கிலத்திற் கார்ட்டூன் என்றாயிற்று. 1843இல் இலண்டன் பாராளுமன்றக் கட்டடத்துச் சுவரோவியங்களுக்கான கார்ட்டூன்களைக் காட்சிக்கு வைத்தபோது, 'பஞ்ச்' பத்திரிகை அதனைப் பரிகசித்துத் தன் கேலிச் சித்திரங்களுக்கும் அப்பெயரையே சூட்டிக்கொண்டது. இன்று கேலிச் சித்திரத்துக்கே அப்பெயர் உரிமையாகிவிட்டது!

ராபேல், வத்திக்கனில் 1509 முதல் 1511 வரையில் தீட்டிய 'ஏதென்ஸின் கலைக்கழகம்' என்னும் ஓவியத்தின் கார்ட்டூன், மிலான் நகரின் அம்புரோசியானா மண்டபத்தில் இருக்கிறது. எட்டு மீட்டர் நீளமுள்ள இத்தாளைச் செப்பனிட்டு 2019இல் மீண்டும் காட்சிக்கு வைத்தனர். ஊசித் துளைகள் இதில் உண்டு. எனினும் அடியில் வேறு தாள் வைத்துத் துளையிட்டு, அந்நகலையே சுவருக்கு அனுப்பினர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஓவியத்தின் முன்புறத்தில், கன்னத்திற் கைவைத்துச் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் ஒருவரைக் காண்கிறோமே, அவர் இத்தாளில் இல்லை. சுவர் வேலை முடிந்த பிற்பாடு, சாந்தைக் கொத்தி எடுத்து, புதுச் சாந்து பூசி அவரைச் சேர்த்திருக்கிறார் ராபேல். இத்துணை ஆயத்தத்திற்குப் பின்னும் ஓவியருக்கு ஒன்று குறைவாகத் தோன்றியிருக்கிறது!

இவ்வளவு கைத்திறன் எவ்வாறு வந்தது? 1400ஆம் ஆண்டையொட்டிச் சென்னினோ சென்னினி என்பவர் எழுதிய கைந்நூல் விடை தருகிறது. சாப்பாட்டு மேசையின் கீழே கிடக்கும் கோழி எலும்பைப் பொறுக்கிச் சுட்டுப் பொடித்து, உமிழ்நீரிற் குழைத்துச் சிறு பலகையிற் பூசி, அதன்மேல் வெள்ளிக் கோலால் வரைந்து பழகச் சொல்கிறார் அவர். பலகையில் ஓராண்டு; வண்ணம் அரைத்தல் முதலிய பட்டறை வேலைகளில் ஆறாண்டு; தீட்டுவதில் இன்னும் ஆறாண்டு. ஆகப் பதின்மூன்று ஆண்டுகள்! வெள்ளிக்கோற் கோட்டை அழிப்பது எளிதன்று. கையை அடக்கிக் கண்ணைக் கூர்மையாக்கும் ஒழுக்கம் இது. பள்ளிக்கூட ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்தமான ஒழுக்கமுங்கூட.

லியனார்டோ டா வின்ஸி இதற்கு மாறான ஒன்றைச் சொன்னார். கவிஞர் செய்யுள் இயற்றும்போது கையெழுத்தின் அழகைப் பார்ப்பதில்லை. அடித்தும் திருத்தியுமே எழுதுகின்றனர். ஓவியரும் உருவங்களை முதலில் அவ்வாறே கரடுமுரடாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. சொன்னபடியே செய்தும் இருக்கிறார். கன்னிமரியும் குழந்தையும் புனித அன்னாவும் சேர்ந்த படத்துக்காக அவர் போட்ட ஒரு வரைவு, இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டின்மேற் கோடாக மை கருத்துப்போய், எது கை, எது கால் என்றே தெரியவில்லை. அவருக்கே தெரியாமற் போயிற்று போலும்! வேண்டிய கோடுகளைமட்டும் கூர்முனையால் அழுத்தி, தாளைத் திருப்பி, மறுபுறத்தில் எது தேறிற்று என்று பார்த்திருக்கிறார்.

தாள் தந்த இவ்வுரிமையை அவர் சுவரிடமும் கேட்டார். மிலானில் 1495 முதல் 1498 வரையில் 'இறுதி இராவுணவு' ஓவியத்தைத் தீட்டியபோது, நின்று நிதானித்து மாற்றி மாற்றித் தீட்டும்பொருட்டு, ஈரச் சாந்தை விடுத்து உலர்ந்த சுவரிலேயே வேலை செய்தார். சுவர் இணங்கவில்லை. அவர் உயிரோடிருக்கும்போதே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. 1978இல் தொடங்கிய கடைசிச் செப்பனிடும் பணி 1999 வரையில் நீடித்தது.

இத்தாள்களின் நிழற்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் வகுப்பில் இருந்த ஒரு சிறுவன் நினைவுக்கு வருகிறான். ரஃப் நோட்டில் குதிரை ஒன்று வரைந்திருந்தான். தூக்கிய முன்கால் ஒன்றுக்கு ஐந்தாறு கோடுகள். தூய்மைக்கு மதிப்பெண் தருவதே என் வழக்கம். ஏட்டைக் கிழித்துப் போட்டு, 'ஒழுங்காக வரைந்து வா' என்றேன். மறுநாள் பாடப்புத்தகத்துக் குதிரையைப் பார்த்துச் சுத்தமாக வரைந்து வந்தான். அந்தக் குதிரை ஓடவில்லை. நானோ அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

என் பக்கத்திற் சாட்சி சொல்லப் பெரியவர் ஒருவர் உண்டு. மைக்கேல் ஏஞ்சலோ, தாம் பட்ட பிரயாசையை எவரும் காணலாகாது, தம் படைப்பு குறைவற்றதாகவே தோன்ற வேண்டும் என்று கருதி, 1564இல் இறப்பதற்குச் சற்று முன்னர்த் தம் வரைவுகளிற் பலவற்றைத் தீயிலிட்டார் என்று வசாரி எழுதுகிறார். வசாரியோ பிறருடைய வரைவுகளைத் தேடித் தேடி ஏட்டில் ஒட்டிவைத்தவர். எழுதும்போது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

தீக்குத் தப்பிய தாள்களில் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிஸ்டைன் விதானத்தில், பெரும் புத்தகமொன்றைக் கையிலேந்தி உடலை முறுக்கித் திரும்பும் லிபிய நாட்டுக் குறிசொல்லிக்காகச் செஞ்சுண்ணத்தால் வரைந்தது அது. மாதிரியாக நின்றவன் ஓர் ஆண்மகன். முதுகின் தசையெல்லாம் வரைந்து முடித்தபின், தாளின் கீழ்ப்பகுதியில் இடக்காலின் பெருவிரலைமட்டும் தனியே வரைந்திருக்கிறார். போதாதென்று மறுபடியும் வரைந்திருக்கிறார். அவ்வளவு பெரிய உடலின் பாரம் அந்த விரலில் எவ்வாறு ஊன்றுகிறது என்பது அவருக்கு அப்போது விளங்கவில்லை. விதானத்தில் அவ்விரல் அழுந்தி ஊன்றியிருக்கிறது.