தராசுக்குள் தொலையும் பிட்டுகள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் மெயின் அருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்துவிடும். கடைக்குக் கடை ஒரு எலெக்ட்ரானிக் தராசு. தட்டில் பழத்தை வைத்ததும் எண்கள் ஓடும். ஓரிரு விநாடியில் நிற்கும்.

தட்டுக்கு அடியில் இருப்பது லோடு செல் என்ற உலோகக் கட்டை. எடை ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மின்தடைப் பட்டைகள் அந்த வளைவை மின்னழுத்தமாக மாற்றும். பரவலாகக் கிடைக்கும் வகைக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு 30 கிலோவுக்கும் திரும்ப வருவது 10 மில்லிவோல்ட்தான். ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோவோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு!

மாணவர்கள் வாங்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் மைக்ரோகண்ட்ரோலரால் இதை நேரடியாகப் படிக்க முடியாது. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் அதன் 10 பிட் ஏ.டி.சி., 5 வோல்ட்டை 1024 படிகளாக வெட்டுகிறது. ஒரு படி ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். 30 கிலோ மூட்டையே அதற்கு இரண்டு படிதான். அதனால்தான் தனியாக ஒரு சிப் தேவைப்படுகிறது. தராசுக்கென்றே ஏவியா செமிகண்டக்டர் வடிவமைத்த எச்.எக்ஸ்.711 இத்தகைய சிப்களில் பிரபலமானது. அதன் அளவு 24 பிட், அதாவது 1,67,77,216 படிகள்.

அத்தனை படியும் கைக்கு வருமா? வராது. சிப்பின் எல்லை மைனஸ் 20 முதல் பிளஸ் 20 மில்லிவோல்ட் வரை. லோடு செல் தருவது பூஜ்யம் முதல் 10 வரை. முக்கால் பங்கு அங்கேயே போகிறது. மிச்சம் சுமார் 42 லட்சம் படிகள். அடுத்து இரைச்சல். சிப்பின் தரவுத்தாள் சொல்லும் 50 நானோவோல்ட் சராசரி இரைச்சலால், மேலும் கீழுமாக 330 நானோவோல்ட் அளவுக்கு எண் ஆடும். கணக்குப் போட்டால் அது ஒரு கிராம். ஆக 24 பிட் சிப்பில் நம்பத்தகுந்தது 30,000 படிகள், சுமார் 15 பிட்.

அந்த 15 பிட்டையாவது காப்பாற்றுவது போர்டு செய்பவரின் கையில் இருக்கிறது. லோடு செல்லுக்குப் போகும் மின்னழுத்தத்தையே சிப்பின் ஒப்பீட்டு மின்னழுத்தமாகவும் வைத்தால், சப்ளை ஏறி இறங்கினாலும் எடை மாறாது. சிப்பின் மின் காலை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும். லோடு செல் ஒயர்கள் முறுக்கி, கவசத்துடன் வர வேண்டும். புரோகிராமிலும் பிட் தொலையும்: ஊனோவில் 'இன்ட்' மாறிக்கு 16 பிட்தான் இடம். 24 பிட் எண்ணை அதில் போட்டால் மேல் 8 பிட் காணாமல் போகும்.

சிப் விநாடிக்கு 10 முறை அளக்கும் வேகத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி இரைச்சலையும் வடிகட்டுகிறது. 16 அளவுகளைச் சராசரி எடுத்தால் எஞ்சிய ஆட்டம் கால்வாசியாகும். இரண்டு பிட் திரும்பக் கிடைக்கும். விலை 1.6 விநாடி. எண்கள் நிற்க நேரமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் சாரலை எந்தச் சராசரியாலும் வெல்ல முடியாது. சாலிடர் வைத்தபின் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் என்ற பசை ஈரத்தை இழுக்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே மிக நுண்ணிய மின்கசிவு உண்டாகும். காலியான தட்டிலும் எண் ஒரே திசையில் மெல்ல நகரும். ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் கழுவி, போர்டுக்கு மேல்பூச்சு அடிப்பதே மருந்து. சில ரூபாய் வேலைதான், ஆனால் குற்றாலத்தில் இதை விடக்கூடாது.

கடைத் தராசுகள் பெரும்பாலும் துல்லிய வகைப்பாட்டில் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவை. சட்டப்படி அவற்றுக்கு அதிகபட்சம் 10,000 பிரிவுகளே. 5 கிராம் பிரிவுள்ள 30 கிலோ தராசுக்கு 6,000 போதும். உள்ளே இருக்கும் 30,000 படிகள் அதற்குத் தாராளம். ஆனால் படி நுண்ணியதாக இருப்பதும் எடை சரியாக இருப்பதும் வேறு வேறு. ஐந்து கிராம் மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் தராசு, மொத்தத்தில் 20 கிராம் தப்பாகவும் காட்டலாம். அதைத்தான் தமிழகத்தில் தொழிலாளர் துறை அதிகாரிகள் தர எடைக்கற்களை வைத்துச் சோதிக்கிறார்கள். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொருமுறை மறுமுத்திரை வேண்டும். அதற்கான சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும்.