பறவைக் கூட்டைப் படம் எடுப்பது வேட்டையா? சட்டம் சொல்வது என்ன?

புது கேமரா, 400 மி.மீ. லென்ஸ். வயலோரத் தரையில் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கிறது. இன்னும் நாலு அடி கிட்ட போனா படம் பிரமாதமா வரும்னு தோணுதா? கொஞ்சம் நில்லுங்கள்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கியே தேவையில்லை. தள்ளி நின்று படம் எடுப்பதல்ல சிக்கல். கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பது, உட்கார்ந்திருக்கும் பறவையைக் கிளப்பிவிடுவது, இதெல்லாம்தான்.

நீங்கள் நெருங்கியதும் ஆள்காட்டி எழுந்து கத்தும். அது 'போஸ்' அல்ல, பதற்றம். கோடையில் தன் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும் பறவை அது. நீங்கள் நிற்கும்வரை அந்த வேலை நடக்காது. முட்டை வெயிலில் கிடக்கும், காகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

கூடுதான் எடுக்கணுமா? மழைக்காலம் முடியும்போது பரத்பூர் போங்கள். கேவலாதேவ் பூங்காவில் மஞ்சள்மூக்கு நாரைகள் தண்ணீர் நடுவே மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். பாதையில் நின்றே எடுக்கலாம்.

தனிக்கூட்டின் படத்தைப் பகிர்ந்தால் இடத்தைப் போடாதீர்கள். மறுநாளே 20 கேமரா வந்து நிற்கும்.