பூட்டு மட்டும் போதுமா?



இரவு கடையைச் சாத்தும்போது ஷட்டரை இழுத்து, இரு பக்கமும் பூட்டி, இரண்டு தரம் ஆட்டிப் பார்த்த பிறகே நாம் படி இறங்குகிறோம். வீட்டுக் கதவை ஒரு தரமாவது அப்படி ஆட்டிப் பார்த்திருக்கிறோமா? நம்மில் பலருக்கு வீடு என்பது கடையின் பின்கட்டு அல்லது மாடி. கல்லாப் பணம் இரவில் அங்கேதான் உறங்குகிறது.

கொடைக்கானலில் நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு கீழே ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். திரும்பிப் போய்ப் பார்த்தால், பூண்டுக்காரர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் முழுதும் போயிருந்தது. முன்கதவில் தொங்கிய எட்டு லீவர் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பின்கதவின் கண்ணாடிச் சில்லை உடைத்து, கையை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கியிருக்கிறான் திருடன். பூட்டு தோற்கவில்லை, கண்ணாடிதான் தோற்றது.

பூட்டு

பூட்டு என்றால் நம் மாவட்டத்துக்கே பெருமை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில்தான் பழநி பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு உட்படப் பல வகைகள் இதில் உண்டு. உள்ளே இருக்கும் லீவர் தகடுகள் எல்லாவற்றையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். ஆகவே பூட்டின் எடையைப் பார்ப்பதோடு நிற்காமல், எத்தனை லீவர் என்று கேட்டு வாங்க வேண்டும். வெளியூரில் இயந்திரத்தில் செய்த பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என்று விற்பவர்களும் உண்டு. விசாரித்து, பில்லோடு வாங்குவது நல்லது.

தொங்கு பூட்டுக்கு ஒரு குறை உண்டு. 'வீட்டில் ஆளில்லை' என்று தெருவுக்கே சொல்லிவிடும். அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் கதவின் கட்டைக்குள் பதிக்கும் பூட்டைப் போடலாம். தொங்கு பூட்டுதான் என்றால் வளையம் குட்டையாக, கடப்பாரை நுழைய இடம் இல்லாததாக இருக்கட்டும். கொண்டியையும் நாதாங்கியையும் அரை அங்குலத் திருகாணியில் மாட்டினால் ஆயிரம் ரூபாய்ப் பூட்டும் வீண். நீளத் திருகாணி கட்டைக்குள் ஆழமாக இறங்க வேண்டும். அதன் தலை வெளியே தெரியக் கூடாது.

மலையில் ஒரு எச்சரிக்கை

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வழக்கம். சமவெளியில் சரி. ஏழாயிரம் அடி உயரத்தில் அது கூடாது. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதைக் குளிர்காலத்தில் கடை பாட்டிலிலேயே பார்க்கிறோமே! லீவர் பூட்டுக்கு மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். மழைக்காலத்தில் மரம் ஊதிக் கதவு பிடித்துக்கொண்டால், தச்சரை அழைத்துச் சீவச் சொல்லுங்கள். பூட்டின் நாக்கு பாதிதான் உள்ளே போகிறது என்றால் அது பூட்டாத கதவுதான்.

கண்ணாடி

வெளிச்சத்துக்காகவும் வெயிலுக்காகவும் மலை வீடுகளில் கதவிலேயே கண்ணாடி வைப்பார்கள். சாதாரணக் கண்ணாடி கத்தி போன்ற சில்லுகளாக உடையும். குழந்தை மோதினாலும் ஆபத்து. 'டெம்பர்ட்' கண்ணாடி நாலைந்து மடங்கு வலுவானது. உடைந்தாலும் கற்கண்டு போல் சிறு துண்டுகளாகும், காயம் குறைவு. ஆனால் ஒருமுறை உடைந்தால் வழி முழுதும் திறந்துவிடும். 'லேமினேட்டட்' என்பது இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் படலம் பிடித்துக்கொள்ளும்; ஓட்டை போட நேரமாகும், சத்தமும் கேட்கும். தாழ்ப்பாளுக்குக் கை எட்டும் இடத்துக்கு இதுவே ஏற்றது.

டெம்பர்ட் கண்ணாடியைச் செய்த பிறகு வெட்ட முடியாது. கீழிருந்து மலைக்கு ஏற்றி வந்த பின் கால் அங்குலம் கூடினால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அளவை இரண்டு தரம் எடுங்கள். கண்ணாடியைப் பிடிக்கும் மரப்பட்டை வீட்டின் உட்பக்கம் இருக்கட்டும். வெளிப்பக்கம் இருந்தால் திருடன் உடைக்கக்கூட வேண்டாம், பட்டையைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்து வைத்துவிடுவான்.

உள்ளே இருப்பவர்கள்

கடைசியாக ஒன்று. திருடனுக்குப் பயந்து, உள்ளேயும் சாவி போட்டுப் பூட்டி, சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நெருப்புப் பிடித்தால் இருட்டில் சாவியைத் தேடவா முடியும்? குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவு ஜன்னலை அடைப்பது இன்னும் கொடியது. அந்த நச்சுக் காற்றுக்கு மணமே கிடையாது. உள்சாவி இருந்தால், கண்ணாடியிலிருந்து கைக்கு எட்டாத, ஆனால் வீட்டில் எல்லாரும் அறிந்த ஒரே ஆணியில் தொங்கட்டும்.

இன்றிரவு கடையைப் பூட்டி வந்ததும், திருடன் நிற்கும் இடத்தில் நின்று உங்கள் வீட்டுப் பின்கதவை ஒருமுறை பாருங்கள். எங்கே செலவு செய்ய வேண்டும் என்பதைக் கதவே காட்டும்.