காவல்காரன் தூங்கினால்...!



எலக்ட்ரானிக்ஸ் படித்தாலும் "கம்ப்யூட்டர்னா இவன்கிட்ட கேளு" என்று எங்கள் வகுப்பில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நம்பி ஒரு நண்பன் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே நான் செய்த தவறை இந்த மலரில் ஒளிக்காமல் எழுதுகிறேன். படிக்கிற உங்களில் பத்துப் பேர் உஷாரானாலும் எனக்குப் போதும்.

ஐந்தாம் செமஸ்டர், புராஜெக்ட் நேரம். சர்க்யூட் வரைய ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்றான் நண்பன். காசு கொடுத்து வாங்க இருவரிடமும் வழியில்லை. 'கிராக்' செய்த ஒன்றை நான் பென்டிரைவில் கொண்டு போனேன். அதோடு இருந்த குறிப்பில், "முதலில் ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிடவும்" என்று எழுதியிருந்தது. வீட்டுக்குள் வருகிறவன் "நாயைக் கட்டிப்போடு" என்று சொன்னால் நமக்குச் சந்தேகம் வர வேண்டாமா? எனக்கு வரவில்லை!

நிறுத்துகிற வேலையும் இல்லாமல் போனது. திரையின் மூலையில், "லைசென்ஸ் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும்" என்று ஒரு சிவப்புப் பெட்டி நின்றது.

"என்னடா இது?" என்றேன்.

"எட்டு மாசமா டெய்லி வருதுடா. மூடிட்டா போயிடும்" என்றான்.

நானும் மூடினேன்.

அன்று இரவே அவனிடமிருந்து போன். எந்தக் கோப்பும் திறக்கவில்லை. எல்லாப் பெயர்களின் வாலிலும் புரியாத எழுத்துகள். டாலரில் பணம் கேட்டு ஒரு கடிதம் வேறு. கோப்புகளைப் பூட்டிவிட்டு, சாவிக்கு விலை பேசும் 'ரான்சம்வேர்' அது.

புராஜெக்ட் போனது பெரிதில்லை, இரண்டு வாரத்தில் மறுபடி செய்தோம். ஆனால் அந்த கம்ப்யூட்டரில்தான் அவன் அப்பாவின் போட்டோக்கள் இருந்தன. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வேறு காப்பி இல்லை. மறுநாள் நான் போனபோது அவன் அம்மா, "தம்பி, அந்தப் படமெல்லாம் திரும்ப வந்துருமா?" என்று கேட்டார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன்.

ஆன்ட்டி வைரஸ் எப்படி வேலை செய்கிறது?

போலீஸ் ஸ்டேஷனில் 'தேடப்படும் குற்றவாளிகள்' என்று ஒரு போர்டு இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆன்ட்டி வைரஸிடமும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு தீய புரோகிராமின் அடையாளத்தையும் 'சிக்னேச்சர்' என்ற பெயரில் அது வைத்திருக்கிறது. திறக்கிற ஒவ்வொரு கோப்பையும் அதோடு ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் பிடித்து அடைக்கிறது.

நேற்றுப் புதிதாகக் கிளம்பிய திருடன் போட்டோ, எட்டு மாதத்துக்கு முந்தைய போர்டில் இருக்குமா? இருக்காது. காவல்காரன் வாசலில் நிற்பான், சட்டை தொப்பி எல்லாம் இருக்கும். திருடன் அவன் முன்னாலேயே உள்ளே போவான்!

முகம் தெரியாவிட்டாலும் நடத்தையை வைத்துப் பிடிக்கும் முறையும் இருக்கிறது. ஒரு புரோகிராம் திடீரென்று நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றி எழுதினால் சந்தேகப்பட்டுத் தடுக்கும். ஆனால் எது சந்தேகமான நடத்தை என்ற அறிவும் அப்டேட் வழியாகத்தான் வருகிறது.

'ஸ்பைவேர்' சத்தமே போடாது. நாம் அடிக்கிற எழுத்துகளையும், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் எடுத்து வெளியே அனுப்பும். ரான்சம்வேர் வந்ததாவது தெரியும், இது வந்ததே தெரியாது. அதனால் "என் கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது" என்பது ஒரு ஆதாரமே இல்லை.

பின்கதவு

ஆன்ட்டி வைரஸ் முன்வாசல் காவல் என்றால், விண்டோஸ் அப்டேட் என்பது உடைந்த பின்கதவைச் சரிசெய்கிற தச்சுவேலை. இரண்டும் வேண்டும்.

இதற்கு 'வான்னாக்ரை' கதையே போதும். விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டையை அடைக்க மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்று அப்டேட் கொடுத்தது. அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை ரான்சம்வேர் மே 12 அன்று பரவியது. சுமார் 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள்! பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளுக்குக் கொடுத்த தேதிகளை ரத்து செய்ய வேண்டியிருந்தது. மருந்து கைக்கு வந்து 59 நாட்கள் ஆகியும், போடாத கம்ப்யூட்டர்களே மாட்டிக்கொண்டன.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-ஐத் தொடர்கிறவர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் தனியாகப் பதிவு செய்தால்தான் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும். வீட்டில் எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. காசு இல்லை என்று கவலை வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் இலவசமாகவே இருக்கிறது. வேறு ஆன்ட்டி வைரஸ் போட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே லைசென்ஸ் முடிந்ததைப் புதுப்பியுங்கள், இல்லையென்றால் முழுவதுமாக நீக்குங்கள். நீக்கிய பிறகு டிஃபெண்டர் வேலைக்கு வந்துவிட்டதா என்று ஒரு தடவை பாருங்கள்.

2. 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' பகுதியில் கடைசி அப்டேட் தேதியைப் பாருங்கள். பழைய தேதியா? அங்கேயே 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். நெட் இல்லாத வீட்டு கம்ப்யூட்டர் என்றால், செல்போன் ஹாட்ஸ்பாட் கொடுத்தாவது வாரம் ஒருமுறை செய்யுங்கள்.

3. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள். ரைட் கிளிக் செய்தால் ஸ்கேன் வசதி அங்கேயே இருக்கிறது.

4. கிராக் வேண்டவே வேண்டாம். சர்க்யூட் வரைய 'கீகேட்' என்ற நல்ல சாஃப்ட்வேர் முறைப்படியே இலவசம். இதை நான் முன்னாலேயே தேடியிருக்கலாம்!

5. பிரௌசரில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று அலறுகிற பெட்டியை நம்பாதீர்கள். நம் ஆன்ட்டி வைரஸ் எது என்று பெயர் தெரிந்து வைத்துக்கொண்டால் போலியைக் கண்டுபிடிப்பது சுலபம்.

6. எந்தக் காவலும் நூற்றுக்கு நூறு இல்லை. முக்கியமானதை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள். மாட்டியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஒருவேளை மாட்டிக்கொண்டால், உடனே நெட்டைத் துண்டியுங்கள். பணம் கட்டாதீர்கள், கட்டினால் சாவி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' திட்டத்தில் சில வகை ரான்சம்வேருக்கு இலவசச் சாவிகள் கிடைக்கின்றன. நாங்களும் தேடினோம். எங்களைப் பூட்டியதற்கு இன்னும் சாவி வரவில்லை. என்றாவது வரலாம் என்று அந்த ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் ஒரு துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறான் நண்பன். சொந்தக்காரர்கள் செல்போன்களில் தேடியதில் பதினோரு படங்கள் கிடைத்தன. அவற்றை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிட்டோம்.

நண்பர்களே, புதுப்பிக்கச் சொல்லி வருகிற பெட்டி நமக்குத் தொல்லையாகத்தான் தெரியும். அதைப் படித்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். இந்த மலரை மூடிவைத்ததும் வீட்டு கம்ப்யூட்டரில் அந்த அப்டேட் தேதியை ஒரு தடவை பாருங்கள். அப்படியே பக்கத்து வீட்டு கம்ப்யூட்டரையும் பார்த்துக் கொடுங்கள்.

வருமுன் காப்போம்!