சுவரை இடிக்கும் முன்

"வீட்டுக்குள் ஒரு சுவரை இடிப்பதற்கு என்ன படிப்பு வேண்டும்? அலவாங்கும் சம்மட்டியும் போதாதா?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. அயலூரில் ஒரு குடும்பமும் அப்படித்தான் நினைத்தது. விறாந்தையையும் மண்டபத்தையும் ஒன்றாக்குவதற்காக நடுச்சுவரை இடிக்க இருவரைக் கூலிக்குப் பிடித்தார்கள். கூரையின் தீராந்தி அந்தச் சுவரில் இருந்ததை எவரும் அண்ணாந்து பார்க்கவில்லை, முட்டும் கொடுக்கவில்லை. மதியத்துக்கு முன்னரே தீராந்தி ஓடுகளோடு இறங்கியது. கூலியாள் ஒருவரின் கால் முறிந்தது. மூன்று மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த வீட்டில் அடுப்பெரிய யார் பொறுப்பு?

தாங்கும் சுவரா, மறைப்புச் சுவரா?

முதலில் அறிய வேண்டியது இதுதான். தீராந்தி, வளை, கொங்கிரீட் தட்டு ஆகியவற்றில் ஏதாவது சுவரில் தங்கியிருந்தால் அது தாங்கும் சுவர். 9 அங்குலச் சுவர்கள் பெரும்பாலும் இவ்வகையே. 4½ அங்குலச் சுவரும் சில வீடுகளில் பாரம் தாங்குவதுண்டு. ஆகவே தடிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தாங்கும் சுவரில் கை வைப்பதானால், அனுபவமுள்ள மேசனிடமோ தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமோ காட்டி, முட்டுக் கொடுத்த பின்னரே தொடங்க வேண்டும்.

ஆயத்தம்

மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். சுவருக்குள் ஓடும் வயர்களை மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு கழற்றுங்கள். தண்ணீர்க் குழாயையும் பூட்டுங்கள். தளபாடங்களை அகற்றி, பிள்ளைகளை அயல்வீட்டில் விடுங்கள்.

இடிப்பது எப்போதும் மேலிருந்து கீழாக. அடியைத் தோண்டி முழுச் சுவரையும் சாய்ப்பது ஆபத்து. 10 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட 9 அங்குலச் செங்கற்சுவர் ஏறத்தாழ 4 தொன் நிறையுடையது. இடித்தால் சுமார் ஒரு கியூப் கற்குவியல் சேரும். அதை எங்கே போடுவது என்பதையும் முன்னரே தீர்மானியுங்கள். முழுக் கற்களைச் சுரண்டி அடுக்கினால் மீண்டும் உதவும். உடைந்தவை நிலம் நிரவ உதவும்.

சீலிங்கோ கூரையோ அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். அதன் தூசி பல ஆண்டுகளின் பின் புற்றுநோயைத் தரக்கூடியது. தண்ணீரால் நனைத்து, ஆணிகளைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். முகத்தில் கட்டும் சீலைத்துண்டு இத்தூசியைத் தடுக்காது. 2009 வரை போர் நடந்த இடங்களில் இடிபாட்டுக்குள் இனந்தெரியாத இரும்புப் பொருள் தென்பட்டால் தொடாமல் விலகி, பொலிசாருக்கு அறிவியுங்கள்.

ஆள் பிடிக்கும்போது

குறைந்த கூலி கேட்பவரே நல்ல வேலையாள் என்றில்லை. அவர் முன்பு இடித்துத் திருத்திய வீடு ஒன்றைப் போய்ப் பாருங்கள். "எங்கே தொடங்குவீர்கள்? எதில் முட்டுக் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். சுவரைப் பார்க்காமலே விலை சொல்பவரை நம்ப வேண்டாம். கொந்தறாத்து வேலையில் அவசரம் கூடும்; ஆபத்தான பகுதியை நாட்கூலிக்குச் செய்விப்பது நல்லது.

எந்தச் சுவர், எத்தனை நாள், எவ்வளவு கூலி, கல்மண் அள்ளுவது யார், பழைய மரமும் நிலையும் யாருக்கு, காயப்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்பவற்றை ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். முழுப் பணத்தையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். செய்த வேலைக்குரிய கூலியை அன்றன்றே கொடுங்கள். சப்பாத்தும் தலைக்கவசமும் இல்லாதவருக்கு அவற்றை ஒழுங்கு செய்து கொடுங்கள்.

புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. கட்டும்போது உள்ள அந்தப் பொறுப்பு இடிக்கும்போதும் உண்டு. நம் வீட்டில் வேலை செய்ய வருபவர் மாலையில் தன் வீட்டுக்கு நடந்தே திரும்ப வேண்டும். அதை உறுதிசெய்த பின் சம்மட்டியை எடுப்போம்.