வலைப்பக்கமும் தரவுக் கிடங்கும்: முதற்பாடம் தேடுவோர்க்கு

நம் சங்கத்துக் குடும்பக் கையேட்டை அச்சில் போடுவதோடு நிறுத்தாமல் வலைப்பக்கத்திலும் ஏற்றலாம் என்று பேச்சு வந்தபோது, நான் செய்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன். அறுபது கடந்தவருக்கு இது எதுக்கு என்று வீட்டில் கேட்டார்கள். பேரேடு எழுதிப் பழகிய கைக்கு, ஏடு எந்த உருவில் வந்தால் என்ன என்று நினைத்தேன். ஆனால் இரண்டு வாரம் ஒரு வரிகூட ஓடவில்லை. குற்றம் கணினியில் இல்லை, நான் எடுத்த பாடத்தில் இருந்தது. நம் பிள்ளைகள் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காரியம் என்னவென்று பார்ப்போம். கடைக்கு வருகிறவர் கிடங்குக்குள் போவதில்லை. கல்லாவில் இருக்கிறவரிடம் கேட்கிறார், கல்லாக்காரர் கிடங்குக்காரரிடம் சீட்டு அனுப்புகிறார், சரக்கு வருகிறது. வலையிலும் மூன்று பேர்தான். உலாவி வாடிக்கையாளர். பிஎச்பி, பைத்தான் போன்ற மொழியில் நாம் எழுதும் நிரல் கல்லாக்காரர். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள சர்வர் கிடங்குக்காரர். கல்லாக்காரர் எழுதும் சீட்டின் மொழிக்கு எஸ்க்யூஎல் என்று பெயர்.

கிடங்கைத் திறக்க ஐந்து விவரம் வேண்டும்: எந்தக் கணினி, எந்தக் கதவு எண், பயனர் பெயர், கடவுச்சொல், எந்த ஏடு. கதவு எண் மைஎஸ்க்யூஎல்லுக்கு வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432. பாடங்களில் கணினியின் பெயரை 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே போட்டிருப்பார்கள். அப்படின்னா இதே கணினி என்று பொருள். வாடகை சர்வரில் கிடங்கு வேறொரு கணினியிலும் இருக்கலாம். இதைச் சொல்லாமல் விடும் பாடங்கள்தான் அதிகம். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் முதலாவதாகக் குன்றக் கூறலை வைத்தார். கணினிப் பாடம் எழுதுகிறவர்கள் அதைப் படித்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இணைப்புக் கிடைக்காதபோது வரும் பிழைச் செய்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதுதான் நல்ல ஆசிரியர். சர்வரோடு இணைய முடியவில்லை என்றால் கதவருகே ஆள் இல்லை. சர்வர் ஓடவில்லை, அல்லது முகவரி தப்பு. 'அக்சஸ் டினைடு' என்று 1045 எண்ணோடு வந்தால் காவலாளி இருக்கிறார், சாவி சரியில்லை. 'அன்நோன் டேட்டாபேஸ்' என்று 1049 வந்தால் உள்ளே போய்விட்டோம், நாம் கேட்ட ஏடுதான் அங்கே இல்லை. மூன்றும் மூன்று வெவ்வேறு நோய். நான் மூன்றுக்கும் கடவுச்சொல்லையே மாற்றிக்கொண்டிருந்தேன்!

இனி பாடத்தைப் பொறுக்கும் விஷயம். நான் எடுத்தது நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய புத்தகம். அதில் இணைப்புக்கு 'மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்' என்ற கட்டளை இருந்தது. 2013-இல் வந்த பிஎச்பி 5.5-இலேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். 2015 டிசம்பரில் வந்த 7.0-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டளை கண்ணில் பட்டால் புத்தகத்தை மூடிவிடுங்கள். இப்போது புழங்குபவை மைஎஸ்க்யூஎல்ஐ, பிடிஓ என்ற இரண்டுதான்.

இன்னொரு சோதனை இதைவிட முக்கியம். கையேட்டில் ஒரு குடும்பத்தின் முகவரி 'மேரி'ஸ் ரோடு' என்று வந்தது. பதிவு ஏறவில்லை. ஏனென்று தோண்டிப் பார்த்தபோது வயிறு கலங்கிப் போச்சு. எஸ்க்யூஎல்லில் அந்த ஒற்றைக் குறி, சொல் முடிந்தது என்பதற்கு அடையாளம். வாடிக்கையாளர் எழுதியதை நான் அப்படியே என் சீட்டோடு ஒட்டித் தைத்திருந்தேன். அதனால் அவர் எழுத்து என் உத்தரவாகவே மாறிவிடுகிறது. நல்லவர் எழுதியதால் பிழை வந்தது. கெட்டவன் எழுதியிருந்தால் மொத்த ஏட்டையும் காட்டு என்றோ அழி என்றோ எழுதியிருப்பான். அதில் நம் பெண்பிள்ளைகளின் பேரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன.

இதற்கு மருந்து, உத்தரவை முதலில் படிவமாக அனுப்பிவிட்டு, வாடிக்கையாளர் தந்ததை வெற்றிடத்தில் மட்டும் நிரப்புவது. 'பிரிபேர்டு ஸ்டேட்மென்ட்' என்பார்கள். படிவத்து வெற்றிடத்தில் எதை எழுதினாலும் அது உத்தரவாகாது. பதிவு சேர்க்கும் முதல் பாடத்திலேயே இதைக் காட்டாத ஆசிரியரிடம் மேற்கொண்டு படிக்க வேண்டாம். 'ரூட்' பெயரிலேயே இணைக்கச் சொல்கிறவரும் அப்படித்தான். கல்லாப் பையனிடம் மொத்தச் சாவிக்கொத்தையும் யாராவது கொடுப்பார்களா?

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். அட்டவணை, இணைப்பு, பக்கம் மூன்றிலும் ஒரே குறியேற்றம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெயர்கள் கேள்விக்குறி வரிசையாகச் சேமிக்கப்பட்டுவிடும். அப்படி விழுந்தது திரும்பி வராது. மைஎஸ்க்யூஎல்லில் வெறும் 'யூடிஎஃப்8' என்று பழைய பாடங்கள் சொல்வது எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் கொள்ளும். நம் உயிர்மெய்க்கு அது போதும். ஆனால் முந்திரி, காணி, மா முதலிய பழைய கணக்குக் குறிகள் 2019-இல்தான் யூனிகோடில் சேர்ந்தன. அவற்றுக்கு நான்கு பைட் வேண்டும். ஆகவே 'யூடிஎஃப்8எம்பி4' என்றே போடுங்கள்.

எங்கே படிப்பது? மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டின் அதிகாரப்பூர்வக் கையேட்டிலும் தொடக்கக்காரருக்கான பாடம் உண்டு. பிடிஓவுக்குப் பிஎச்பி கையேடே போதும். தமிழில் வேண்டுமென்றால் கணியம் வழி வந்த து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' இருக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் பார்த்துக் கேட்டுப் படிக்கலாம். எதை எடுத்தாலும் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். செடிக்கு ஒரு வாயாக மேயும் ஆட்டைக் கடைமாணாக்கருக்கு உவமையாக நன்னூல் வைத்தது சும்மா இல்லை.

வரிசையும் முக்கியம். முதல் பத்து நாள் வலைப்பக்கமே வேண்டாம். கறுப்புத் திரையில் சர்வரோடு நேரடியாகப் பேசி அட்டவணை போட்டு, பத்துப் பெயர் ஏற்றித் தேடிப் பாருங்கள். அது கைவந்த பிறகு நிரலிலிருந்து இணையுங்கள். அப்போது பிழை வந்தால் கல்லாவிலா கிடங்கிலா என்று உடனே தெரியும். உண்மையான பெயர்களை ஏற்றுவதற்கு முன் ஏட்டை நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டுப் பார்த்துவிடுங்கள். நகல் எடுக்கிறவர் பலர், மீட்டுப் பார்த்தவர் சிலர்தான். நானும் இரண்டாம் தடவைதான் செய்தேன்.