களவும் பசியும்: ஒரு பழைய வாக்குமூலம் சொல்லாமல் விட்டது

18ஆம் நூற்றாண்டில் லண்டன் நியூகேட் சிறைச்சாலையின் மதகுருவுக்கு ஒரு மேலதிக வருமானம் இருந்தது. மரண தண்டனைக் கைதிகளின் வாழ்க்கையையும் கடைசி ஒப்புதலையும் எழுதி, சிறு நூலாக அச்சிட்டு விற்பார். டைபர்ன் தூக்குமேடையில் உயிர் போனதும் அந்நூல்கள் வீதிகளில் விற்பனைக்கு வந்துவிடும்.

அவற்றில் பெரும்பாலும் ஒரே கதைதான். ஞாயிறு வழிபாட்டைத் தவறவிட்டான், தொழில் பழகிய இடத்தை விட்டு ஓடினான், குடித்தான், தீயவர்களோடு சேர்ந்தான், இறுதியில் திருடினான். தந்தையை இழந்ததும் வேலையற்று அலைந்ததும்கூட அதே பக்கங்களில் வரும். ஆனால் குற்றத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஒழுக்கக்கேடு மட்டுமே. வாசிப்பவர் தன்னைத் திருத்திக்கொள்ளலாம். சட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

அந்தச் சட்டமோ கொடியது. கடையில் 5 ஷில்லிங் பெறுமதியான பொருளை மறைவாகத் திருடினாலே மரண தண்டனை என 1699இல் விதிக்கப்பட்டது. மனம் பொறுக்காத ஜூரிமார் பலர், திருட்டுப் பொருளின் பெறுமதியை வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டு உயிர்களைக் காப்பாற்றினர்.

மேரி ஜோன்ஸ் என்ற இளம் தாய்க்கு அந்த இரக்கம் கிடைக்கவில்லை. கடையொன்றில் துணி திருடியதற்காக 1771இல் அவள் தூக்கிலிடப்பட்டாள். கணவன் கடற்படைக்குப் பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டதால் குழந்தைகளோடு நிர்க்கதியானவள் அவள் என்று 1777இல் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தார் வில்லியம் மெரிடித்.

இதற்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே கலீஃபா உமர் (ரழி) அவர்களிடம் ஒரு வழக்கு வந்தது. ஹாதிப் என்பவரின் அடிமைகள் பிறருடைய ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டனர். கையை வெட்டுமாறு முதலில் உத்தரவிட்ட உமர் (ரழி), எஜமான் அவர்களைப் பட்டினி போடுகிறார் எனக் கருதி, ஒட்டகத்தின் விலையைப் போல் இரு மடங்கை அவரிடமே அறவிட்டதாக இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. பஞ்ச ஆண்டில் களவுக்கான ஹத் தண்டனையை அவர்கள் நிறைவேற்றவில்லை என்பதும் அறியப்பட்ட செய்தி.

களவு ஹராம் என்பதில் மாற்றமில்லை. ஒட்டகத்தை இழந்தவருக்கும் நியாயம் கிடைத்தது. ஆனால் விசாரணை திருடியவனோடு நிற்காமல், அவனைப் பட்டினி போட்டவர் வரை சென்றது.

இன்று ஒருவர் களவில் பிடிபட்ட செய்தியைப் படித்ததும் அவரது வளர்ப்பையும் தொழுகையையும் பற்றிப் பேச நமக்கு நேரமாவதில்லை. அவரது வீட்டில் அடுப்பு எரிந்ததா, நமது ஸகாத் அங்கு போய்ச் சேர்ந்ததா என்பதையும் நாம் கேட்க வேண்டும்.